முதலில் லீவு, பிறகுதான் வேன்

கண்டிக்குப் பக்கத்திலுள்ள மடவளையில் ஒரு குடும்பம் நான்கு நாள் வெளியூர் போய்வர வேண்டுமென்றால், அதற்கு முன் குறைந்தது நான்கு நாட்காட்டிகள் ஒத்துப்போக வேண்டும். மூத்தவள் ஊரிலுள்ள மதீனா பாடசாலையில் படிப்பாள். இளையவன் கண்டியில் ஒரு சர்வதேசப் பாடசாலைக்குப் போவான். உம்மா வேறொரு ஊரில் ஆசிரியை. வாப்பாவுக்குக் கண்டி டவுனில் கடையிலோ வங்கியிலோ வேலை, இல்லாவிட்டால் பல்லேகலைக் கைத்தொழில் பேட்டையில். ஒவ்வொருவருக்கும் விடுமுறை ஒவ்வொரு நாளில் வருகிறது. இதைப் பார்க்காமல் "இந்த முறை திருகோணமலைக்குப் போவோம்" என்று இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிற வீடுகளில்தான் பயணம் கடைசி வாரத்தில் குழம்புகிறது. வேன் பேசியாகிவிட்டிருக்கும், லீவு கிடைத்திருக்காது. லீவு கிடைத்தால் பிள்ளைக்குத் தவணைப் பரீட்சை வந்து நிற்கும்.

ஆகவே குடும்பச் சுற்றுலாவின் திட்டம் வேலைத்தலத்தில் தொடங்க வேண்டும். லீவு உறுதியான பிறகு மாதம். மாதம் முடிவான பிறகு இடம். வேன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்கப்புறம்.

சட்டம் தரும் ஏழு நாள்

கடையிலும் தனியார் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். அதன்படி ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் வருடாந்த லீவு, 7 நாள் கெசுவல் லீவு. இது பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாதது என்னவென்றால், அந்த 14 நாளில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வீட்டாரோடு இருப்பதை முதலாளியின் தயவென்று நினைத்துத் தயங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கணக்கு வேறு. சேர்ந்த ஆண்டில் வருடாந்த லீவு கிடையாது. ஒவ்வோர் இரண்டு மாதமும் முடிய ஒரு நாள் கெசுவல் லீவு மட்டும். அடுத்த ஆண்டில் கிடைக்கும் நாட்கள், சேர்ந்த திகதியைப் பொறுத்தவை. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்திருந்தால் 14, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் என்றால் 7, அதற்குப் பிறகு சேர்ந்திருந்தால் 4. வேலை மாறுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை. புதிய இடத்தில் சம்பளம் கூடியிருக்கும். ஆனால் அந்த ஆண்டு பிள்ளைகளோடு வெளியே போக ஒரு வாரம் கிடைக்காது. நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "ஓகஸ்டில் ஏழு நாள் லீவு வேண்டும், ஏற்கெனவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன்" என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆளை எடுக்க முடிவு செய்துவிட்ட நிறுவனம் அந்த நேரத்தில் மறுப்பது அரிது. சேர்ந்த பிறகு கேட்டால் அதே நிறுவனம் விதியைக் காட்டும்.

தொழிற்சாலைகளில் சம்பளச் சபை விதிகள் வரும். அங்கே வருடாந்த லீவின் எண்ணிக்கை, முந்திய ஆண்டில் வேலைக்கு வந்த நாட்களைப் பொறுத்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல தொழிற்சாலைகள் ஏப்ரலில் புத்தாண்டுக்கு மொத்தமாக மூடப்படும். மூடுகிற நாட்களை ஊழியரின் வருடாந்த லீவில் கழிக்கிறார்களா என்று ஜனவரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழிக்கிறார்களென்றால் உங்கள் ஆண்டின் பெரிய லீவு ஏப்ரல்தான். அதைச் சுற்றித்தான் திட்டம் போட வேண்டும்.

அரசாங்க ஊழியர்களுக்குத் தாபன விதிக்கோவையின்படி ஆண்டுக்கு 24 நாள் ஓய்வு லீவும் 21 நாள் கெசுவல் லீவும் இருக்கின்றன. ஆசிரியர்களின் கணக்கு வேறு, அவர்களுக்குத் தவணை விடுமுறைதான் பெரிய லீவு. அரசாங்க ஊழியர் வீடுகளில் வீணாகப் போகிற ஒரு சலுகை ரயில் வாரண்ட். குடும்பத்தோடு பயணம் செய்ய அலுவலகம் தருகிற அந்தத் தாளை எடுக்காமலே ஆண்டு முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரியது சர்க்கிட் பங்களா. நீர்ப்பாசனம், மகாவலி, வனம், ரயில்வே என்று பல திணைக்களங்களுக்கு நல்ல நல்ல இடங்களில் விடுதிகள் உண்டு. சில வங்கிகளும் தங்கள் ஊழியர்களுக்கென்று விடுமுறை இல்லங்கள் வைத்திருக்கின்றன. ஹோட்டல் கட்டணத்தோடு ஒப்பிட்டால் வாடகை மிகக் குறைவு. சமையலறையும் இருக்கும், எனவே ஹலால் சாப்பாடு தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் பாடசாலை விடுமுறைக் காலத்தில் அவற்றுக்கு அடிபிடி. முந்தி விண்ணப்பித்தவருக்குத்தான் கிடைக்கும். உங்கள் திணைக்களத்தில் இல்லாவிட்டாலும், வேறு திணைக்களத்தில் வேலை செய்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் விதி என்னவென்று விசாரித்துப் பாருங்கள்.

லீவு எங்கே கரைகிறது

நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களின் வருடாந்த லீவு ஒரு நாள், அரை நாள் என்று கரைந்துபோகிறது. கலியாணம், ஜனாஸா, பெற்றோர் கூட்டம், பேராதனை ஆஸ்பத்திரியில் உம்மாவின் கிளினிக், காணி வேலைக்குக் கச்சேரி. எதுவும் தவிர்க்கக்கூடியதில்லை. ஆனால் அவற்றுக்குத்தான் கெசுவல் லீவு. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு தாளை எடுத்து, 14இல் 7ஐ வெட்டித் தனியே வைத்துவிடுங்கள். அந்த ஏழு நாளைத் தொடுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். மீதி ஏழும் கெசுவல் ஏழும் சேர்ந்து ஆண்டின் மற்றத் தேவைகளைத் தாங்க வேண்டும். தாங்காத ஆண்டும் வரும், உடம்புக்கு முடியாமல் போவதை யார் தடுக்க முடியும்? ஆனாலும் தனியே எடுத்து வைக்காத ஏழு நாள் ஒருபோதும் மிஞ்சுவதில்லை.

கேட்கும் முறை முக்கியம். "சேர், ஓகஸ்டில் கொஞ்சம் லீவு வேண்டும்" என்றால் அது கோரிக்கையாகவே போய்ச் சேராது. திகதி, நாட்களின் எண்ணிக்கை, உங்கள் வேலையை யார் பார்ப்பார், போவதற்கு முன் எதை முடித்துக் கொடுப்பீர்கள் ஆகிய நான்கும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"சேர், ஓகஸ்ட் 10ஆம் திகதியிலிருந்து 7 நாள் வருடாந்த லீவு எடுக்க விரும்புகிறேன். ஜூலை மாதக் கணக்கை 7ஆம் திகதிக்குள் முடித்துத் தருவேன். அந்த வாரத்துக் காசோலைகளை முன்கூட்டியே தயாரித்து வைக்கிறேன். என் மேசையைப் பார்த்துக்கொள்ள நஸீர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் டிசம்பரில் லீவு போகும்போது அவருடைய வேலையை நான் பார்ப்பேன்."

கடைசி வரிதான் இதில் பலமானது. மேலதிகாரியின் கவலை நீங்கள் போவதைப் பற்றியதல்ல. அந்த வாரம் யார் திட்டு வாங்குவது என்பதுதான் அவருக்குக் கவலை. அதற்குப் பதிலை நீங்களே கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. இதை மூன்று மாதத்துக்கு முன்பே அனுப்புங்கள். வாய்ச்சொல்லாகச் சரி என்றாலும், "நீங்கள் சொன்னபடி லீவுப் பதிவில் போட்டுவிட்டேன்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி வையுங்கள்.

சின்னக் கடைகளில் லீவுப் பதிவே இருக்காது. முதலாளி மாமா முறையோ மச்சான் முறையோ ஆவார். கேட்கவே கூச்சமாக இருக்கும். இங்கே நேரம் பார்த்துக் கேட்பதுதான் வழி. புடவைக் கடையில் நோன்பின் கடைசிப் பத்து, புத்தாண்டு வாரம், நத்தார். சப்பாத்து, கொப்பிக் கடைகளில் பாடசாலை தொடங்குகிற நாட்கள். இந்த நேரங்களில் லீவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அந்த நெருக்கடியில் தோள் கொடுத்துவிட்டு, வியாபாரம் ஓய்ந்த மறுவாரம் கேளுங்கள். உங்கள் உழைப்பு முதலாளியின் கண்முன் நிற்கிற நேரம் அது. கடை உங்களுடையதே என்றால் லீவு தரவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் நம் ஊரில் ஆண்டுக்கணக்கில் எங்கும் போகாதவர்கள். சாவியை நம்பிக் கொடுக்க ஒருவரைப் பழக்குவது அவர்களுடைய முதல் வேலை. முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள் என்று விட்டுப் பாருங்கள். வங்கிகள் சில பொறுப்பிலுள்ளவர்களைக் கட்டாயமாகத் தொடர் லீவில் அனுப்புவதற்கும் இதே தர்க்கம்தான். ஒருவர் இல்லாத வாரத்தில்தான் அந்த மேசை எப்படி நடக்கிறது என்பது தெரியவரும்.

நோன்பு பின்னோக்கி நகர்கிறது

முஸ்லிம் பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சு தனியான தவணை அட்டவணை வெளியிடுகிறது. நோன்பு மாதத்தில் அவை மூடப்படும், மற்றப் பாடசாலைகள் நடக்கும். ஒரு பிள்ளை இங்கும் ஒரு பிள்ளை அங்கும் படிக்கிற வீட்டில் இதுதான் பெரிய சிக்கல். இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு பிள்ளைகளுக்கும் ஒன்றாக விடுமுறை வருகிற நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். மிகச் சில நாட்கள்தான் தேறும். அதற்குள் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் என்று பரீட்சை எழுதுகிற பிள்ளை இருந்தால், பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதத்தையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் பயணக் காலம். அதை வைத்துத்தான் லீவு கேட்க வேண்டும்.

கொஞ்சம் தூரமாகவும் பார்க்கலாம். நோன்பு ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது. 2025இல் மார்ச் மாதம் முழுக்க நோன்பு. 2028இல் ஜனவரி கடைசியில் தொடங்கும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் மற்றொன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு முறை வரும். அதாவது, இன்று தனித்தனியாகக் கிடக்கும் நோன்பு விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் இன்னும் சில ஆண்டுகளில் நெருங்கி வரப்போகின்றன. இன்று முதலாம் ஆண்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்த நேரம் புலமைப்பரிசில் வயது. பெரிய பயணம் ஒன்றுக்கு, உம்ராவுக்கோ இந்தியாவுக்கோ, பணம் சேர்க்கிறவர்கள் இதையும் யோசித்துச் சீட்டுக் கட்டலாம்.

பெருநாளை ஒட்டி லீவு கேட்கிறவர்கள் பிறையையும் நினைவில் வைக்க வேண்டும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பு வரும்வரை நாள் உறுதியில்லை. ஆகவே முன்னும் பின்னும் ஒரு நாள் இடம் விட்டுக் கேளுங்கள். பெருநாளுக்கு மறுநாளே தங்குமிடம் பதிவு செய்யாதீர்கள், மூன்றாம் நாளிலிருந்து எடுங்கள். முதலிரண்டு நாளும் எப்படியும் சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான்.

மாதம்தான் இடத்தைச் சொல்லும்

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்: நிலாவெளி, பாசிக்குடா. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கு, மேற்குக் கரைகள். இதை மாற்றிப் போட்டால் பிள்ளைகள் நாலு நாளும் ஜன்னலால் மழையைத்தான் பார்ப்பார்கள். நுவரெலியாவுக்கு ஏப்ரலில் போகாதீர்கள் என்பேன். கூட்டமும் வாடகையும் அப்போதுதான் உச்சம், அதே குளிர் வேறு மாதங்களிலும் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் முதல் தெரிவு ஓகஸ்டில் பாசிக்குடா. அங்கே கடல் வெகுதூரம் வரை இடுப்பளவு ஆழம்கூட இல்லாமல் பரந்து கிடக்கிறது, அலையும் குறைவு. அஞ்சாமல் பிள்ளைகளை இறக்கலாம். பத்து வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் திருகோணமலைப் பக்கம். புறாத்தீவுக்குப் படகில் போகலாம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் குளிக்கலாம். போகிற வழியில் ஹபரணையில் ஓர் இரவு தங்கினால், ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளத்தடியில் நூற்றுக்கணக்கில் கூடும் யானைகளைக் காட்டலாம்.

பாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மடவளையிலிருந்து பாசிக்குடாவுக்குத் திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக மஹியங்கனைக்கு இறங்குவது கிட்டிய பாதை. ஆனால் வழியில் பதினெட்டு வளைவு இருக்கிறது. வாந்தி எடுக்கிற பிள்ளையை அதில் கொண்டுபோவதென்றால் சுபஹு தொழுதவுடன் புறப்படுங்கள். வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்க வேண்டாம், இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும் போதும். ஹுன்னஸ்கிரியவில் கட்டாயம் நிறுத்தி நடக்க விடுங்கள். காலைச் சாப்பாடு மஹியங்கனையில் வைத்துக்கொள்ளலாம். திருகோணமலைக்கு என்றால் கண்டி டவுனுக்கு இறங்கவே தேவையில்லை. வத்தேகம வழியாக மாத்தளைக்கு ஏறிவிடலாம். எசல பெரஹர நாட்களில் இந்த வழி ஒரு வரப்பிரசாதம்.

மழைக்காலப் பயணத்தை லேசாக எடுக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டிலேயே அதிகமான உயிர்களைக் கண்டி மாவட்டம் இழந்தது. மலைநாட்டு ரயில் பாதையும் வீதிகளும் பல இடங்களில் உடைந்தன. நம் வீட்டு முற்றத்து மலைகள்தான் அவை என்பதால் பழக்கத்தில் பயம் விட்டுப்போகிறது. நவம்பர், டிசம்பரில் மலைப்பாதையில் போக நேர்ந்தால், முதல் நாளும் புறப்படும் காலையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு. செம்மஞ்சள் வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முற்பணம் போனால் போகட்டும். வழியில் அகப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. எல்லா வீட்டு ஃபோனிலும் அது இருக்க வேண்டும். இந்தக் காரணத்தாலேயே தங்குமிடம் பேசும்போது "மழையால் வர முடியாவிட்டால் திகதி மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எல்லவுக்கு ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்தப் பாதையில் ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டறியுங்கள். ஒதுக்கிய இருக்கைகள் 30 நாளுக்கு முன் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். லீவு மூன்று மாதம் முன்பே உறுதியாகியிருந்தால்தான் அந்த நாளில் நீங்கள் தயாராக இருப்பீர்கள்.

வாப்பா வெளிநாட்டிலிருந்து வரும் மாதம்

நம் ஊரில் பல வீடுகளின் நாட்காட்டி ரியாத்திலோ தோஹாவிலோ தீர்மானமாகிறது. சவூதித் தொழிற்சட்டத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 21 நாள் லீவு, ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டு முடிந்தால் 30 நாள். கத்தாரில் ஐந்தாண்டு வரை மூன்று வாரம், பிறகு நான்கு. அமீரகத்தில் ஓராண்டு முடிந்தால் 30 நாள். வேலைத் தேவையைப் பார்த்து முதலாளி திகதியை மாற்றலாம். எனவே பாடசாலைத் தவணை அட்டவணை வெளிவந்த அன்றே அதைப் படம் எடுத்து வாப்பாவுக்கு அனுப்பிவிடுங்கள். கம்பெனியில் லீவு வரிசை போடுவதற்கு முன் அவர் கையில் அது இருக்க வேண்டும்.

அவர் வந்த மாதம் எப்படிப் போகும் என்பதை எல்லோரும் அறிவோம். முதல் வாரம் விருந்து, இரண்டாம் வாரம் வீட்டு வேலை, பாஸ் வருவார், மரம் வரும். மூன்றாம் வாரம் இரண்டு கலியாணம். கடைசி வாரம் பெட்டி கட்டல். பிள்ளைகளோடு பயணம் "அடுத்த முறை" ஆகிவிடும். இரண்டாண்டுக்கு ஒரு முறை வருகிறவருக்கு அடுத்த முறை வரும்போது பிள்ளை வளர்ந்து வேறு ஆளாக நிற்பான். ஆகவே அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே, வந்து இறங்கிய முதல் பத்து நாளுக்குள் நான்கு நாளைப் பதிவு செய்து, முற்பணமும் கட்டி, உறவினர்களுக்கும் சொல்லிவிடுங்கள். "அந்த நாலு நாளும் நாங்கள் ஊரில் இல்லை" என்று உம்மா சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் மட்டும் வைக்காதீர்கள். பிரியப் போகிற கனம் அந்த நாட்களில் எல்லோர் மேலும் இருக்கும், பிள்ளைகள் மேல் அதிகமாகவே இருக்கும்.

பிள்ளைகளிடம் எதைக் கேட்பது

"எங்கே போகலாம்?" என்று திறந்த கேள்வி கேட்காதீர்கள். யூடியூபில் பார்த்த மாலைதீவைச் சொல்வார்கள். நீங்கள் இரண்டு இடங்களைத் தெரிவு செய்து, அதில் ஒன்றைத் தேர்வதை அவர்களிடம் விடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். எவ்வளவு தூரம் தாங்குவார்கள் என்று தெரியாவிட்டால், ஒரு போயா நாளில் பேராதனைப் பூங்காவுக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்ப் பாருங்கள். 147 ஏக்கரில் எந்த மரத்தடியில் களைத்து உட்காருகிறார்கள் என்பதிலேயே உங்களுக்கு விடை கிடைக்கும்.

பணத்தில் ஏமாறுவது வேனில்தான். கிலோமீற்றர் கட்டணம், டிரைவரின் சாப்பாடு, அவர் தூங்குமிடம், இரவுக் காத்திருப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். அதைச் சம்பளத்திலிருந்து ஒரே மாதத்தில் எடுக்க முயல வேண்டாம். லீவு கேட்கிற மாதத்திலேயே சேமிப்பும் தொடங்கினால் மூன்று, நான்கு தவணையில் முடிந்துவிடும், கடன் தேவைப்படாது.

புறப்படுவதற்கு முந்திய வேலை நாளில் உங்கள் மேசையைப் பார்க்கப் போகிறவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் எதற்காக அழைப்பார், எதைத் தொடாமல் விடலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவசரமென்றால் இரவு எட்டு முதல் எட்டரை வரை அழைக்கலாம், மற்ற நேரம் ஃபோன் பையில் இருக்கும் என்று மேலதிகாரிக்கும் சொல்லுங்கள். இப்படி நேரம் குறித்துச் சொன்னவரை அலுவலகம் பெரும்பாலும் அழைப்பதேயில்லை. திரும்பி வருவதை ஞாயிறு இரவுக்கு வைக்காமல் சனி பின்னேரத்துக்கு வையுங்கள். உடுப்புக் கழுவ ஒரு நாள் வேண்டும், பிள்ளைகளின் சப்பாத்தில் மணல் இருக்கும்.